நான்காவது பக்கம்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் தெய்வானையம்மாள்தான் குரு. வயது நாற்பது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த மெய்யப்பனுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் நூலகராக இருந்தவர். எது கலைந்து கிடந்தாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

கோபம்தான் அவரை அங்கே கொண்டுவந்து தள்ளியது. குடும்ப வாட்ஸப் குழுவில் ஆத்திரத்தில் அவர் தட்டிவிட்ட இரண்டே வரியால், கூடப் பிறந்த தம்பி பேச்சை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. தம்பியை நினைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

"அம்மா, உங்களுக்குக் கோபமே வராதா?" என்று ஒரு காலையில் கேட்டார்.

"என் போன்ல சார்ஜ் இல்ல ஐயா. கொஞ்சம் போட்டு வைங்க," என்றார் அம்மாள்.

போனைப் பார்த்த மெய்யப்பனுக்குப் பொறுக்கவில்லை. முதல் பக்கத்தில் பச்சை நிறப் போன் படம் மட்டும். தள்ளினால் டார்ச். இன்னொரு தடவை தள்ளினால் காலண்டர். நான்காவது பக்கத்து மூலையில் வாட்ஸப். நாலு சாமானுக்கு நாலு அறையா? எல்லாவற்றையும் முதல் பக்கத்துக்கே கொண்டுவந்து வரிசையாக அடுக்கினார். முடித்ததும் புண்ணியம் கட்டிக்கொண்ட திருப்தி அவருக்கு.

பத்து மணிக்குச் சமையற்கட்டிலிருந்து பொன்னி ஓடிவந்தாள்.

"அம்மா, தங்கராசு இன்னிக்கும் காய் அனுப்பல. அறுபது பேருக்கு நான் என்னத்தப் போட்டுக் கொழம்பு வைக்க? போன் பண்ணினா எடுக்கவும் மாட்டேங்கிறார்."

அம்மாள் போனை எடுத்தார். முதல் பக்கத்திலேயே இருந்த வாட்ஸப்பில் தங்கராசுவுக்குக் கட்டைவிரல் பரபரவென்று ஓடியது. 'இனிமேல் இந்தப் பக்கமே வராதே.' அனுப்பியும் ஆகிவிட்டது.

அதன் பிறகுதான் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு மெய்யப்பனை.

"அடுக்கினது நீங்களா?"

"நான்தான் அம்மா. கைக்கு எட்டுற மாதிரி..."

"நல்லாவே எட்டிச்சு," என்று சிரித்துவிட்டார் அம்மாள்.

உடனே தங்கராசுவைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை எடுத்தார் அவர். வண்டி பஞ்சர், ஒட்டியாகிவிட்டது, வந்துகொண்டே இருக்கிறாராம்.

"அவசரப்பட்டு எழுதிட்டேன் தங்கராசு. தப்பு என்னோடது. மனசுல வெச்சுக்காதப்பா."

பேசி முடித்ததும் அம்மாள் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் அதனதன் பக்கத்துக்கே நகர்த்தினார். மெய்யப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்போ உங்களுக்கும் கோபம் வருமா அம்மா?"

"நல்லா வரும் ஐயா. நாலாவது பக்கம் போறதுக்குள்ள பாதி போயிடும்."

மெய்யப்பன் தன் போனை எடுத்தார். வாட்ஸப்பை அழுத்திப் பிடித்து, பக்கம் பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஆறாவதில் விட்டார். மனசு லேசாக இருந்தது. அதே சூட்டில் பச்சை நிறப் போன் படத்தின் மேலும் விரலை வைத்தார்.

"இதையும் தள்ளி வெச்சிடட்டுமா அம்மா?"

"அது முதல் பக்கத்துலயே இருக்கட்டும். தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்க எதுக்கு ஐயா அவ்வளவு தூரம்?"