பாறைக்குப் பின்னால் கிடந்த தீனி

ஆற்றின் இரு கரையிலும் காடு. மழைக்காலத் தீனியை விலங்குகள் பெரிய மரப்பொந்து வைத்திருப்பவர்களிடம் கொடுத்துவைக்கும். பொந்துக்காரர் பௌர்ணமிதோறும் பொந்தைக் காட்டுக் காவலரான யானையிடம் திறந்து காட்ட வேண்டும். அதுதான் காட்டுச் சட்டம்.

ஒரு மரங்கொத்தி வந்தது.

"தீனியைச் சுமந்துகொண்டு ஏன் ஆற்றைத் தாண்டுகிறீர்கள்? என்னிடம் கொடுங்கள். நான் இங்கே நாலு தட்டு தட்டினால், அக்கரையில் என் தம்பி நாலு கொட்டை எடுத்துக் கொடுப்பான்."

யாருக்குத்தான் பிடிக்காது? அணில் தன் மூன்று குட்டிகளுக்காகச் சேர்த்த வாதுமைக்கொட்டை முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டியது. யானையும் தன் விளாங்காய்களை அங்கேதான் கொடுத்தது.

பொந்து வைத்திருந்த ஆந்தைக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு மாதாமாதம் சோதனை. அவனுக்குக் கிடையாதா?"

யானை போய் விசாரித்தது. "எங்கே உன் பொந்து? திற."

"பொந்தே இல்லையே, ஐயா. நான் தட்டுகிறவன். தீனியெல்லாம் அந்தப் பாறைக்குப் பின்னால் கிடக்கிறது. வேண்டுமானால் பாருங்கள்."

"சட்டத்தில் பாறை இல்லையே" என்று யானை திரும்பிவிட்டது. வந்த வழியில் ஆந்தையைப் பிடித்தது. "போன மாதம் உன் பொந்தில் ஒரு கொட்டை குறைந்ததே, ஏன்?"

சோதனை இல்லை என்றதும் மரங்கொத்திக்குத் துணிச்சல் வந்தது. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிறேன் என்ற காட்டுப்பன்றிக்குத் தீனியை அள்ளிக் கொடுத்தது. பன்றி தின்றது. பிறகு வேறு காட்டுக்குப் போய்விட்டது.

அடைமழை பிடித்தது. அணில் வந்து நின்றது.

"என் கொட்டையைக் கொடப்பா. பிள்ளைகள் நேற்றிலிருந்து பட்டினி."

மரங்கொத்தி தட்டியது. அக்கரையிலிருந்து தம்பியும் தட்டினான். சத்தத்துக்குக் குறைவில்லை. கொட்டைதான் வரவில்லை.

அணில் யானையிடம் ஓடியது.

"நான் என்ன செய்ய, அம்மா? சட்டம் பொந்துக்குத்தான்."

"சரிங்க ஐயா. உங்கள் விளாங்காயும் அங்கேதானே இருக்கிறது?"

யானை எழுந்த வேகத்தில் இரண்டு மரம் சாய்ந்தது. பாறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. வெறும் தரை, மழைத்தண்ணீர்.

"தீனியைக் காட்டுடா" என்று உறுமியது.

"முதல் மாதமே பார்க்கச் சொன்னேனே, ஐயா" என்றது மரங்கொத்தி. "அப்போது இருந்தது."

பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவனிடம் உன் பெயர் என்ன, கூரை என்ன என்று கேட்காதே. பொருள் இருக்கும்போதே போய்ப் பார்.