நாதாங்கிச் சத்தம்

இதை எனக்கு முதலில் சொன்னவர் செங்கமலம் அக்கா. எங்கள் கடைசிப் பெண் வேலை கிடைத்து ஓசூருக்குப் போன வருஷம், ஆடி வெள்ளிக்கிழமை, அம்மன் கோயிலில் கூழுக்கு வரிசையில் நின்றபோது சொன்னார். வரிசை நீளம். வெயில் வேறு. தூக்குச்சட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டேன்.

அக்காவின் தம்பி ஏகாம்பரம். எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வரும், எப்போது எடுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு டிரைவர் டீக்கடையில் கொஞ்சம் அதிகம் நின்றுவிட்டால் போதும், விசில் காதைத் துளைக்கும். மனைவி தவறிப்போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. தனி வீடு.

மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம். அங்கே வேதகிரி சாமி இருந்தார். ஏகாம்பரத்தைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் இவர் அவரைத்தான் குருவாக வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை இவருக்கு வார லீவு. விடிந்ததும் மடத்துக்குப் போய்விடுவார்.

அங்கே விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு நாய் குட்டி போட்டது. தாய் லாரியில் அடிபட்டுப் போயிற்று. குட்டிகளை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிப்போனார்கள். ஒன்று மட்டும் மிச்சம். செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடங்கியிருக்கும். ஏகாம்பரம் உட்கார்ந்தால் வந்து அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

சாமி அடுத்த வாரம் யாத்திரை கிளம்புகிறார். மடம் பூட்டிக் கிடக்கும். அதனால் சனிக்கிழமை ஒருவர் வந்து குட்டியைக் கொண்டுபோவதாகப் பேச்சு. அவருக்கு ஊருக்கு வெளியே கொல்லை நிலத்தில் மோட்டார் கொட்டகை இருக்கிறதாம். காவலுக்குச் சங்கிலி போட்டுக் கட்டி வைப்பாராம்.

அந்த ஆடி வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஏகாம்பரம் சாமி முன்னால் வந்து நின்றார்.

"சாமி, இந்தக் குட்டியை நான் வளர்க்கலாமா?"

"ஏன், ஆசையா இருக்கா?"

"வீட்டுக் கதவைத் தொறந்தா எதிர வர ஒரு உசுரு இல்ல சாமி."

சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேலைதான் ஜாஸ்தி. காலையில மொத பஸ்ஸுக்குப் போனா கடைசி பஸ்ஸை அனுப்பிட்டுத்தான் வருவேன். ஆனா எல்லாம் யோசிச்சு வெச்சுட்டேன்."

"சொல்லுங்க."

"கிளம்பறதுக்கு முன்னாடி பால் சோறு. மத்தியானத்துக்குத் தனியா ஒரு கிண்ணத்துல. தண்ணிக்கு மண்சட்டி, கவிழாது. படுக்கக் கோணிப்பை. ஜன்னல் தொறந்திருக்கும், நல்ல காத்து. ராத்திரி வந்ததும் தெருவைச் சுத்தி ஒரு டிரிப் கூட்டிட்டுப் போவேன். ஒண்ணும் லேட் ஆகாது சாமி."

அடுப்படியிலிருந்து பழனியம்மா எட்டிப் பார்த்தாள். மடத்துக்குச் சமைப்பவள். "டைம் கீப்பரே, வழியில எங்கெங்க ஸ்டாப்பிங்னு குட்டிகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

சாமியும் சிரித்துவிட்டார். பிறகு கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"நான் வெளியில போய்ட்டு வரேன். நான் வர வரைக்கும் நீங்க வாசல் கேட்டுப் பக்கத்துல அந்தக் கல்லு மேல உக்காந்திருங்க. மடத்தை விட்டு எங்கயும் போயிடாதீங்க."

"சரி சாமி. எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?"

சாமி கேட்டைத் திறந்தார். வெளியே போனார். நாதாங்கியைப் போட்டார். போய்விட்டார்.

ஏகாம்பரம் கல்லின் மேல் உட்கார்ந்தார். வேப்ப மர நிழல் இருந்தது. குட்டி வந்து பாதத்தில் தலை வைத்தது. இப்போது வந்துவிடுவார் என்று நினைத்தார்.

நாதாங்கிச் சத்தம் கேட்டது. எழுந்தார். பால்காரர்.

மறுபடி உட்கார்ந்தார். மறுபடி நாதாங்கி. எழுந்தார். யாரோ ஒரு அம்மா, பூசணிக்காய் கொடுக்க வந்தவள். அவள் போனபிறகு ஒரு ஆடு கேட்டில் முதுகைத் தேய்த்தது. அதற்கும் எழுந்தார்.

பழனியம்மா இலை போட்டுச் சாப்பாடு கொண்டுவந்தாள்.

"சாமி எங்க போனார் பழனியம்மா?"

"என்கிட்ட சொல்லல."

"எப்ப வருவார்?"

"இது என்னா பஸ் ஸ்டாண்டா, போர்டு எழுதி வெக்க? சாப்பிடுங்க அண்ணா. ஆறிப்போவுது."

சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. கண் கேட்டில் இருந்தது.

படிக்கலாம் என்று உள்ளேயிருந்து தேவாரப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஒரு பாட்டின் முதல் வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கினார். கீழே பார்த்தால் குட்டியும் தலையைத் தூக்கியிருந்தது. நிமிர்ந்த காது இன்னும் நிமிர்ந்திருந்தது.

வெயில் தாழ்ந்தது. சாமிக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. மாலையில், நாம் கேட்டதில் கோபம் வந்து, நம்மை விட்டுவிட்டே போய்விட்டாரோ என்றும் வந்தது. தனக்குத்தானே வெட்கப்பட்டார். ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் நாதாங்கிச் சத்தம் கேட்டது.

ஏகாம்பரம் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த துண்டு கீழே விழுந்தது. சாமிதான். கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. பாதி தின்றாகிவிட்டது.

"சாமி!" என்றார்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடு வந்துது சாமி."

"தண்ணி?"

"குடிச்சேன்."

"உக்கார நிழல் இருந்துதா?"

"இருந்துது."

"காத்து?"

"வந்துது சாமி."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"எப்ப வருவேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் சாமி" என்றார் ஏகாம்பரம்.

சாமி குனிந்து குட்டியின் மடங்கின காதைத் தடவிக்கொடுத்தார்.

"உங்ககிட்டச் சொல்லியிருந்தா உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். இதுகிட்ட என்ன சொல்லிட்டுப் போவீங்க?"

உள்ளே பழனியம்மா விளக்கேற்றினாள். மணி அடித்தாள். கற்பூரம் கொண்டுவந்து நீட்டினாள். ஏகாம்பரம் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன்பிறகு கீழே கிடந்த துண்டை எடுத்து உதறினார். குட்டியை அதில் சுற்றித் தூக்கிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் சாமி.

"சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு சாமி. பகல்ல ஆள் இருக்கிற வீடாப் பார்க்கிறேன். கொட்டகைக்குக் கொடுக்க வேணாம்."

"அப்ப உங்க வீட்டுக் கதவு?"

ஏகாம்பரம் குட்டியைப் பார்த்தார்.

"எனக்குச் செவ்வாய்க்கிழமை இருக்கு சாமி."

சாமி போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். ஏகாம்பரம் தெருவில் இறங்கி வளைவு திரும்புகிறவரை அதைச் சாத்தவில்லை.

அக்கா இவ்வளவுதான் சொன்னார். அதற்குள் கூழ் அண்டா எங்கள் முன்னால் வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிக் கத்தினார்கள். அக்கா நகரவில்லை.

"ஆமாம், பசங்க எல்லாம் போயிட்டாங்க. பகல்ல உன் வீட்ல யார் இருக்கிறது?" என்றார்.

"நான்தான் அக்கா. வேற யாரு?"

"எங்கயும் போற வேலை இருக்கா?"

"கோயிலுக்கு வரதுதான். இதோ இங்க."

"அப்ப சாயங்காலம் எங்க வீட்டுக்கு வா" என்றார். "பழைய துண்டு ஒண்ணு எடுத்துட்டு வா."

அம்மனைப் பார்த்துக் கும்பிட்டேன். கூழ் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்த் துண்டு தேடினேன்.

இப்போது உங்கள் நாற்காலிக்குக் கீழே படுத்திருக்கிறதே, அதுதான். பெரிய நாயாகிவிட்டது. மடங்கின காது மட்டும் இன்னும் நிமிரவில்லை. ஏகாம்பரம் அண்ணன் ரிட்டயர் ஆக இன்னும் வருஷம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இதைப் பார்க்க வருவது ஒரு வாரம் கூடத் தவறியதில்லை. எத்தனை மணிக்கு வருவார் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

காப்பி ஆறிவிட்டது, குடியுங்கள். ஒரே ஒரு உதவி. நீங்கள் கிளம்பும்போது கேட்டின் நாதாங்கியைச் சத்தம் வராமல் மெதுவாகப் போட்டுவிட்டுப் போங்கள். அவர் இன்னும் வரவில்லை. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.