கோத ஆளில்லாத குடுமி

அந்தக் காலத்தில், காடெல்லாம் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்தபோது, இன்று பிணம் தின்னும் பாறுவுக்கும் தலை நிறைய இறகு இருந்தது. கழுகுக்கு இருப்பதுபோலவே குடுமி. ஆற்றங்கரை மருதமரத்தில் மேல்கிளையில் கழுகு, கீழ்க்கிளையில் பாறு. உறவில்லை; பழக்கத்தில் மச்சான், மாப்பிள்ளை.

எந்தப் பறவைக்கும் தன் அலகு தன் உச்சந்தலைக்கு எட்டாது. மனைவிமார் குடுமியைத் தொடும் வழக்கமும் இல்லை. அதனால் விடிந்ததும் இருவரும் ஒருவர் குடுமியை ஒருவர் கோதிவிடுவார்கள். ஊர்க்கதையெல்லாம் அப்போதுதான்.

ஒரு கோடையில் ஆறு வற்றி ஒரேயொரு மடு மிஞ்சியது. அதன் விளிம்பில் காட்டெருமை ஒன்று செத்து விழுந்தது. ஊதிக்கொண்டே வந்தது, வெடித்தால் தண்ணீர் கெட்டுவிடும். கூட்டில் பாறுவின் குஞ்சு தாகத்தில் வாய் பிளந்து கிடந்தது.

"மச்சான், சேர்ந்து தின்னு தீர்த்துடலாமா?" என்று கழுகிடம் கேட்டான் பாறு.

"செத்ததையா? ஓடுறதைப் பிடிச்சுத் தனியாத் தின்கிறவன் நான். உன் குடுமி என்னத்துக்காகும், யோசிச்சியா?"

பாறு கூட்டைத் திரும்பிப் பார்த்தான். இறங்கிப்போய் எருமையின் வயிற்றுக்குள் கழுத்துவரை தலையை விட்டான். மனைவி கூப்பிட, சொந்தபந்தமெல்லாம் வந்து பந்தியில் உட்கார்ந்தது. பொழுது சாய்வதற்குள் எலும்புதான் மிச்சம். மடு தப்பியது. குஞ்சு தண்ணீர் குடித்தது.

விடிந்ததும் பாறு வழக்கம்போலத் தலையைக் குனிந்தான்.

"கிட்ட வராதே மாப்ளே. நாறுது."

"மண்ணுல புரண்டு தேய்ச்சேனே மச்சான்."

"நீ என்ன தேய்ச்சாலும் சரி, அந்தத் தலையில அலகு வைக்க மாட்டேன்."

பாறு வருந்தினான். குடுமிக்காக இல்லை, காலைப் பேச்சு போயிற்றே என்றுதான். இறகெல்லாம் சிக்குப் பிடித்து அரித்தது.

"பிடுங்கிப் போடு," என்றான் மனைவியிடம்.

"நான் தொடுற வழக்கமில்லையேங்க?"

"மொட்டைக்கு என்ன வழக்கம்!"

பிடுங்கினாள். பிறகு தன் தலையையும் நீட்டினாள். சொந்தபந்தமும் வரிசைக்கு வந்தது.

"அப்பா, உங்க தலை முட்டை மாதிரி இருக்கு!" குஞ்சு சிரித்தது. பாறுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெறுந்தலையில் வெயில் இதமாக இறங்க, சிறகை அகல விரித்தான்.

அன்று முதல்தான் பாறுகள் மொட்டைத் தலையோடு கூடியுண்டு, கும்பலாக வெயில் காய்கின்றன. மேல்கிளையில் தனியே இருக்கும் கழுகின் குடுமியோ கலைந்தே நிற்கிறது. கீழே என்ன கதை ஓடுகிறதோ என்று அது இன்னும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது.