ஜன்னலோர மேசை

“என்ன தப்புன்னு சொல்லிடுங்க மேடம். மூணாவது தடவையாத் திருப்பித் தர்றீங்க. நான் என்ன பள்ளிக்கூடப் பையனா?” என்றார் திருவேங்கடம்.

“பையனா இருந்தா குட்டியிருப்பேன்,” என்றார் மெய்யம்மை.

திருவேங்கடத்துக்கு ஐம்பத்தோரு வயது. அரசாங்க வேலையை உதறிவிட்டு, தன்னைவிடப் பதினோரு வயது இளையவரான இந்தக் கட்டடக் கலைஞரிடம் கற்றுக்கொள்ள வந்தவர். ஆறு ஆண்டுகள் ஆயிற்று.

திருச்சியில் எழப்போகும் ஐந்து மாடி அலுவலகம். அவர் பெயரில் வெளியே போகும் முதல் வரைபடம். மெய்யம்மை சம்மதித்து, இன்று மாலை நான்கு மணிக்குள் அது போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வேலை வேறொருவருக்கு.

திருவேங்கடம் வரைபடத்தை மறுபடி விரித்தார்.

“மொட்டை மாடி முழுக்கப் புல். ஒரு சாண் மண். கை கழுவுற தண்ணியே அதுக்குப் பாயுது. கீழ இருக்கிறவங்க வெயில்ல வேக மாட்டாங்க.”

“சரி.”

“வடக்குச் சுவர் முழுக்க ஜன்னல். வெளிச்சம் வரும், வெயில் வராது. பகல்ல விளக்கே வேண்டாம்.”

“ஜன்னல் பக்கம் யாரு?”

“மேலாளர்கள். மாடிக்கு எட்டு அறை.”

“நடுவுல?”

“மத்தவங்க. மாடிக்கு அறுபது பேர்.”

மெய்யம்மை எழுந்து போய், வாசலருகே இருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். விளக்குகள் அணைந்தன; மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன.

“பகல் பதினோரு மணிதானே சார். உங்க இடத்துல உட்கார்ந்து இன்னொரு தடவை பாருங்க.”

அவர் இடம் ஜன்னலோரம். சேர்ந்த அன்றே, வயதில் மூத்தவர் என்று கொடுத்தது.

உட்கார்ந்தார். வெளிச்சம் தாராளமாக இருந்தது. அறை அறையாக, ஜன்னல் ஜன்னலாகச் சரிபார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்!” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

மெய்யம்மை சுவிட்சை மறுபடி ஏற்றவில்லை.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. பின்மேசை ஜெசிந்தாவுடையது, வரைபடங்களின் அளவுகளைச் சரிபார்ப்பவர். தினமும் காலையில் வந்ததும் அவர் மேசைவிளக்கைப் போடும் ‘டிக்’ சத்தம் திருவேங்கடத்துக்குப் பழக்கம். அதைக் கேட்டுத்தான் தன் வேலையைத் தொடங்குவார். திரும்பிப் பார்த்ததில்லை.

ஜெசிந்தா கையில் தாளோடு வந்து பக்கத்தில் நின்றார். தாளை ஜன்னல் பக்கம் சாய்த்தார். கண்ணைச் சுருக்கினார். தயங்கினார்.

“தப்பா நினைக்காதீங்க சார். கொஞ்சம் தள்ளி உட்காருறீங்களா? நீங்க மறைக்கிறீங்க.”

திருவேங்கடம் எழுந்து நாற்காலியை நகர்த்தினார்.

பிறகு நின்றபடியே சிவப்புப் பென்சிலை எடுத்து, வடக்குச் சுவரோரம் இருந்த எட்டு அறைகளையும் அடித்தார்.

மணி பதினொன்றே கால்தான் ஆகியிருந்தது.