மடைக்கம்பு நிற்கும் வாசல்

“எங்க ஊரையே காணோம்னு சொல்றாங்க தாயே! இனிமே பேரூராட்சியில அஞ்சாம் வார்டாம். வார்டுன்னா என்ன, ஆஸ்பத்திரியா?”

திருமேனிக்கு எழுபத்தொரு வயது. தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர். அவர் கத்திய கத்தலில் அடுப்படிப் பூனை எழுந்து போய்விட்டது. பூரணத்தம்மாளுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அம்மாள்தான் குரு. திருமேனியே தேடிவந்து பிடித்துக்கொண்டது.

“திங்கட்கிழமை ஆட்சேபணை கேட்கிறாங்க. விட்டா சின்னக்குழிப்பட்டிங்கிற பேரே பதிவில இருக்காது. நூறு வருஷக் கதையையும் எழுதிட்டேன். கேளுங்க.”

வாசித்தார். முதலில் ஜமீன். தாலுகா இரண்டு முறை மாறியது. ஆறு வருஷம் தனி ஊராட்சி. தலைவருக்கு நாற்காலி வந்து சேர்வதற்குள் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். அப்புறம் மாவட்டமே பிரிந்தது. நாற்பது பக்கம். படித்தவருக்கும் மூச்சு வாங்கியது, கேட்டவருக்கும்.

“இத்தனை ஆபீஸ் மாறிச்சே, வயலுக்குத் தண்ணி விட மடையைத் திறந்தது யாரு?” என்றார் அம்மாள்.

“அது எப்பவும்போலத்தான். பத்தொன்பது வீட்டுக்கும் முறை. முறைக்காரர் வாசல்ல மடைக்கம்பைச் சார்த்திட்டுப் போவாங்க. அவர் மடையைத் திறந்துவிட்டு, அடுத்த வீட்டு வாசல்ல சார்த்துவார். முறை இல்லாதவங்க மடையைத் தொட மாட்டாங்க.”

“நாற்பது பக்கத்தில அது எங்கே இருக்கு?”

“அதுக்கு ரெக்கார்டே இல்லையே தாயே.”

“அப்ப ஊர் இருக்குன்னு திங்கட்கிழமை எதைக் காட்டுவீங்க?”

திருமேனி பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் மேலிடத்து உத்தரவு.

அம்மாள் எழுந்து தெருவில் இறங்கினார். எதிர்வீடுதான் திருமேனியுடையது. திரும்பி வந்தபோது கையில் ஒரு மூங்கில் கம்பு. அதன்மேல் காயப்போட்ட ஒரு துண்டு. துண்டை உதறித் திருமேனியின் தோளில் போட்டார். கம்பை நாற்பது பக்கத்தின்மேல் வைத்தார்.

“மூணு நாளா மடைக்கம்பு உங்க வாசல்ல நிக்குது. பதினெட்டு வீட்டு வயலும் காயுது. ஒருத்தர்கூட மடையைத் தொடலை. ஊரைக் காணோம்னா சொன்னீங்க?”

திருமேனி குனிந்து கம்பைப் பார்த்தார்.

நிமிர்ந்து பார்த்தபோது அம்மாள் மண்வெட்டியோடு வரப்பில் பாதி தூரம் போயிருந்தார். திருமேனி கம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

“தாயே, முதல் பக்கத்தில ஒரு வரி சேர்க்கணும். யாராவது ஒரு பேனா கொடுங்களேன்!”