லாரி ஏறிய நீலி

அழிந்துவரும் ஆலம்பாடி மாட்டினத்தைக் காப்பாற்ற ஒரு பண்ணை இருந்தது. அங்கே நீலி என்ற கிழட்டுப் பசுவின் காதுத் தோலில் ஒரு துணுக்கை எடுத்து, குளோனிங் முறையில் ஒரு கன்றை உண்டாக்கியிருந்தார்கள். இயக்குநர் ஞானவரதனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பார்க்க வந்த அதிகாரிகளிடம், "இது நீலியோட கன்னு இல்லை சார், நீலியேதான்! மயிரளவும் வித்தியாசம் கிடையாது," என்றார். உடனே, பக்கத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த மாதையனைக் கூப்பிட்டார். "அந்தக் கிழட்டுக்கு இனி எதுக்குத் தீனி? அடிமாட்டு லாரி வாசல்ல நிக்குது. நீலியை ஏத்திவிடு."

நீலியைக் கன்றுப் பருவத்திலிருந்து குளிப்பாட்டி வளர்த்தவன் மாதையன். "சரிங்கய்யா," என்று போனான்.

சற்று நேரத்தில் லாரியிலிருந்து கன்றின் குரல் கேட்டது. இயக்குநர் மூச்சிரைக்க ஓடினார்.

"அட மடையா! இதையாடா ஏத்தினே? இறக்குடா!"

"ஐயாதானுங்க ரெண்டும் ஒண்ணுன்னீங்க. கெழவி நடக்க மாட்டேன்னு படுத்துக்கிச்சு. இந்த நீலி துள்ளி ஏறிக்கிச்சு."

"அது வேற, இது வேறடா!"

அதிகாரிகள் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேறன்னா ரெண்டு உசிருங்களே," என்றான் மாதையன். "காப்பாத்துற எடத்துலேருந்து ஒண்ணை எதுக்குங்க கறிக்கு அனுப்பணும்?"

மூத்த அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ரெண்டும் இருக்கட்டும்யா."

லாரி வெறுமையாகப் போனது. இறங்கி வந்த கன்றைக் கிழட்டு நீலி நக்கிக்கொடுத்தது. மகளா, தங்கையா, தானேதானா என்று அது யோசிக்கவில்லை.