மாசிலாமணிக்கு ஒரு வெட்டு

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் சண்டைக்கு வரக்கூடிய ஒரு நாட்டில், கனகவர்மன் என்று ஒரு ராஜா இருந்தான். அவனுக்குத் திடீரென்று வேட்டை ஆசை பிடித்துக்கொண்டது. மாலை மங்கலில் ஆற்றோரப் புதருக்குள் ஏதோ அசைய, ராஜா அம்பை விட்டான். உள்ளே இருந்தது பாய்ந்து ஓடியது. உடன் போன தளவாய் வீரகேசரி, "புலி! மன்னரைக் கண்டு புலி ஓடுகிறது!" என்று கத்தினார். அவ்வளவுதான், ராஜா புலிவேட்டைக்காரன் ஆகிவிட்டான்.

மறுநாள் சபையில் அதே பேச்சு. புலியின் நீளம் நேரத்துக்கு நேரம் வளர்ந்துகொண்டே போனது. ராஜா மீசையை நீவியபடி அரண்மனை விகடன் மாசிலாமணியைப் பார்த்தான்.

"என்ன மாசிலாமணி, நீ மட்டும் வாயைத் திறக்கவில்லையே?"

மாசிலாமணிக்கு நாக்கு அரித்தது. அடக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

"மன்னா, அந்தப் புலியின் சொந்தக்காரி வாசலில் காத்திருக்கிறாள். நேற்று மிரண்டு ஓடியதிலிருந்து அது பால் தரவில்லையாம். அதன் கழுத்து மணியும் புதரில் விழுந்துவிட்டதாம். அதையாவது தேடிக் கொடுக்கச் சொல்கிறாள்."

சபை சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது. யாரோ ஒருவர் தும்முவதுபோல் சிரித்தேவிட்டார். ராஜாவின் முகம் சிவந்தது. சிம்மாசனத்திலிருந்து எழுந்தே விட்டான்.

"தளவாயே! போடும் மாசிலாமணிக்கு ஒரு வெட்டு! இன்று பொழுது சாய்வதற்குள்!"

தளவாய்க்கு வாயெல்லாம் பல். இருபது வருஷமாக ராஜா மாசிலாமணியின் பக்கம் திரும்பியே சிரித்ததை அவர் பார்த்துச் சகித்தவர். ராஜா மனம் மாறிவிடக் கூடாதே என்று அவசரப்பட்டு, ஓலை எழுதுபவரைக் கூப்பிட்டார்.

"மன்னர் திருவாய் மலர்ந்ததை ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் எழுதும். முத்திரையும் இடும்."

அந்த நாட்டில் முத்திரை விழுந்த ஓலையை ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது. ராஜாவுக்கு அதற்குள் கோபம் பாதி இறங்கியிருந்தது. இறங்கி என்ன பயன்? மெழுகு காய்ந்துவிட்டது.

தளவாய் வாளை உருவினார். மாசிலாமணி ஒரு அடி முன்னால் வந்து, "ஓலையை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள் மன்னா. எதற்காகச் சாகிறேன் என்று தெரிந்துகொண்டு சாகிறேன்" என்றான்.

ஓலைக்காரர் படித்தார்: "தளவாயே, போடும் மாசிலாமணிக்கு ஒரு வெட்டு, இன்று பொழுது சாய்வதற்குள்."

"தலை என்ற சொல்லே இதில் இல்லையே, மன்னா?"

"வெட்டு என்றால் தலைவெட்டுதான்!" என்று தளவாய் சீறினார்.

"அப்படியா? போன வாரம் விருந்தில் தளவாயும் நானும் ஆளுக்கு ஒரு வெட்டு வெட்டினோம். இலைதான் காலியானது, தலை விழவில்லை. மழைக்கு முன்னால் மின்னல் வெட்டுகிறது. நாவிதர் மாதம் ஒருமுறை மன்னருக்கே முடி வெட்டுகிறார். மகாராணியார் கண்ணை ஒரு வெட்டு வெட்டினால் மன்னர் மூன்று நாளைக்கு அந்தப்புரம் பக்கமே..."

"போதும், போதும்" என்றான் ராஜா அவசரமாக.

"மன்னா, இதெல்லாம் வெட்டிப் பேச்சு! நேரத்தைக் கடத்துகிறான்!"

"பாருங்கள், தளவாயும் தம் பங்குக்கு ஒன்று சேர்த்துவிட்டார்."

ராஜாவின் உதட்டோரம் துடித்தது. "சரி, உனக்கு எந்த வெட்டு வேண்டும்?"

"கிணறு வெட்டு, மன்னா. எங்கள் தெருவில் இருப்பது ஒரே கிணறு, அதுவும் உப்பு. என் மனைவி நல்லம்மை குடத்தோடு ஆற்றுக்கும் வீட்டுக்குமாக நடந்து கால் தேய்ந்துபோனாள். போட வேண்டியவர் யார் என்றும் ஓலையில் தெளிவாக இருக்கிறது. தளவாயே என்று பெயர் சொல்லியே ஆணை."

தளவாயின் கையிலிருந்த வாள் தாழ்ந்தது. "ஒரு வெட்டுத்தானே? மண்வெட்டியால் ஒரு போடு போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்."

"தண்ணீர் வராத பள்ளத்தைக் கிணறு என்று எந்த ஊரில் சொல்கிறார்கள்? பொழுது சாய இன்னும் ஐந்து நாழிகைதான் இருக்கிறது" என்றான் மாசிலாமணி. "முத்திரை ஓலை, தளவாய் அவர்களே. நிறைவேறாவிட்டால் யாருக்கு எந்த வெட்டு என்று சட்டத்தில் தனியாகவே எழுதியிருக்கிறது."

தளவாய் ஓடினார். பட்டு அங்கவஸ்திரத்தை அரைக்கச்சையாகக் கட்டிக்கொண்டு முதல் மண்ணைத் தாமே வெட்டினார். கை கொப்புளித்ததும் படைவீரர்கள் நாற்பது பேரைக் கூப்பிட்டார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. நல்லம்மை மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள், தளவாய்க்கு இரண்டு சொம்பு. ஆற்றங்கரை ஊர் என்பதால் மூன்று ஆள் ஆழத்தில் ஈரம் தட்டியது. சூரியன் பனைமரத் தலையைத் தொட்ட நேரத்தில் ஊற்று பீறிட்டு அடித்து, தளவாயை மீசையோடு சேற்றில் முழுக்காட்டியது.

பார்க்க வந்திருந்த ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டான்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"ஒன்றே ஒன்று, மன்னா. இனிமேல் கோபம் வரும்போதும் இன்றுபோலவே அரைகுறையாகப் பேசுங்கள். தயவுசெய்து முழுசாக மட்டும் பேசிவிடாதீர்கள்."